தெருவுக்கு ரோடு போட நாமே காசு கொடுக்கணுமா? 3-ல் ஒரு பங்கு கணக்கும் தெரு சங்கமும்

தூத்துக்குடி:

ஐப்பசி பிறந்து வானம் கறுத்தால் போதும். தூத்துக்குடி புறநகர் தெருக்களில் இரண்டு பேச்சு கிளம்பிவிடும். 'இந்த வருஷம் தண்ணி எவ்வளவு ஏறும்?' என்பது ஒன்று. 'நம்ம தெருவுக்கு ரோடு எப்போ வரும்?' என்பது இன்னொன்று.

இரண்டாவது கேள்விக்கு இப்போது பல தெருக்களில் சொல்லப்படும் பதில், "ஆளுக்குக் கொஞ்சம் காசு போட்டு நாமளே சங்கம் வைப்போம்" என்பதுதான். இது நடக்கிற காரியமா? நடந்தால் யாருக்கு லாபம், யாருக்கு பாரம்?

யாருடைய ரோடு இது?

தூத்துக்குடி 1866-லேயே நகராட்சி ஆன ஊர். 2008 ஆகஸ்டு 5-ந்தேதி மாநகராட்சி ஆனது. மீளவிட்டான், சங்கரப்பேரி, முத்தையாபுரம், அத்திமரப்பட்டி என சுற்றியிருந்த ஊராட்சிகளும் ஊருக்குள் வந்தன. அதற்கு முன்பே அங்கெல்லாம் காட்டு நிலங்கள் மனைகளாக விற்கப்பட்டு விட்டன. துறைமுக தொழிலாளி, உப்பள தொழிலாளி, லாரி டிரைவர் எல்லாம் சீட்டு பிடித்தும் நகையை அடகு வைத்தும் வாங்கிய மனைகள் அவை.

மனை விற்றவர் வரைபடத்தில் ரோடு என்று கோடு போட்டிருப்பார். ஆனால் அந்த ரோட்டை உள்ளாட்சிக்கு தானப்பத்திரம் எழுதிக் கொடுத்தாரா என்று வாங்கியவர்கள் பார்ப்பதில்லை. எழுதிக் கொடுக்காவிட்டால், காகிதத்தில் அது இன்னும் தனியார் நிலம்தான். 'எங்கள் பதிவேட்டில் இல்லாத ரோட்டுக்கு நாங்கள் எப்படி செலவு செய்வது?' என்று அதிகாரிகள் கைவிரிக்க இது வசதியாகி விடுகிறது.

2016 செப்டம்பரில் அங்கீகாரமற்ற மனைகளை பத்திரம் பதிய சென்னை ஐகோர்ட்டு தடை போட்ட பிறகுதான் பலருக்கு விவரமே புரிந்தது. 2017-ல் மனை வரன்முறை விதிகள் வந்தன. மனைக்கு வரன்முறை வாங்கியவர்கள் பலர், வாசலில் கிடக்கும் ரோட்டின் காகிதத்தை மட்டும் மறந்து விட்டார்கள்.

முத்துக்குளித்த காலத்து கணக்கு

சங்கம் வைத்தால் பணம் எங்கிருந்து வரும்? இதற்கு அரசிடமே ஒரு வழி உண்டு. அதுதான் 'நமக்கு நாமே' திட்டம். மொத்த செலவில் 3-ல் ஒரு பங்கை மக்கள் கட்டினால், மீதி 2 பங்கை அரசு போடும். 1997-98-ல் வந்தது. 2011-க்குப் பிறகு 'தன்னிறைவு திட்டம்' என்று பெயர் மாறியது. 2021-ல் மறுபடியும் பழைய பெயரிலேயே வந்தது. ஆட்சி மாறினால் பெயர் மாறும்.

இந்த கணக்கு நம்ம கடலோரத்துக்கு புதுசு இல்லை. அரசு முத்துக்குளிப்பு நடத்திய காலத்தில், மூழ்கி எடுத்த சிப்பியில் 3-ல் ஒரு பங்குதான் குளியாளிக்கு, 2 பங்கு சர்க்காருக்கு. 1961-க்குப் பிறகு அந்த முத்துக்குளிப்பு நடக்கவில்லை. அன்று மூச்சடக்கியவனுக்கு கிடைத்தது ஒரு பங்கு. இன்று அதே ஒரு பங்கை ரோட்டுக்காக நாம் கட்ட வேண்டியிருக்கிறது.

ஒரு தெருவின் கணக்கு

30 வீடு, 10 காலி மனை உள்ள ஒரு தெருவை எடுத்துக்கொள்வோம். ரோட்டுக்கு ரூ.12 லட்சம் ஆகும் என்று வைத்துக்கொள்வோம். மக்கள் பங்கு ரூ.4 லட்சம். 40 பேரும் கொடுத்தால் ஆளுக்கு ரூ.10 ஆயிரம்.

ஆனால் காலி மனைக்காரர்களில் ஒருவர் சென்னையில் இருப்பார், ஒருவர் துபாயில் இருப்பார், இன்னொருவர் போனே எடுக்க மாட்டார். அந்த 10 பேர் ஒதுங்கினால், குடியிருக்கும் 30 பேர் தலையில் ஆளுக்கு ரூ.13 ஆயிரத்து 300-க்கு மேல் விழும். ரோடு வந்ததும் மனை விலை ஏறும். அந்த லாபம் காசு கொடுக்காதவருக்கும் போகும்.

தெரு கூட்டத்தில் சண்டை வெடிப்பதும் இங்கேதான். "அண்ணாச்சி, எனக்கு 30 அடி முகப்பு, உங்களுக்கு 60 அடி. ரெண்டு பேருக்கும் ஒரே காசுன்னா எப்படி?" என்பார் ஒருவர். "முக்குல இருக்கிற எனக்கு ரோடே வேண்டாம், நான் எதுக்கு கட்டணும்?" என்பார் இன்னொருவர். வாடகைக்கு இருப்பவர் வீட்டுக்காரரை காட்டுவார்.

சுவீடன் நாட்டில் இப்படி மனை உரிமையாளர்கள் சேர்ந்து நடத்தும் ரோடு சங்கங்கள் ஏராளம். அங்கே ஒவ்வொரு மனைக்கும் இத்தனை பங்கு என்று சட்டப்படி எழுதி வைத்து விடுகிறார்கள். மனையை விற்றாலும் பங்கு மனையோடு போகும். 'நான் தர மாட்டேன்' என்று நழுவ முடியாது. பொதுமக்கள் போய்வரும் ரோடு என்றால் அரசு மானியமும் உண்டு.

நம்ம ஊரில் சங்கம் பதியத்தான் சட்டம் இருக்கிறது. 1975-ம் ஆண்டு தமிழ்நாடு சங்கங்கள் பதிவு சட்டப்படி 7 பேர் இருந்தால் மாவட்ட பதிவாளரிடம் பதியலாம். ஆண்டுதோறும் பொதுக்குழு கூட்டி கணக்கு காட்ட வேண்டும். ஆனால் சேராதவரிடம் காசு வாங்க அந்த சங்கத்துக்கு அதிகாரம் கிடையாது.

முதலில் காகிதம், பிறகு காசு

அவசரப்பட்டு சிலர் செய்யும் தப்பு ஒன்று உண்டு. வீட்டுக்கு ஆயிரம், இரண்டாயிரம் வாங்கி இரண்டு லோடு சரள் அடித்து விடுவார்கள். அடுத்த மழையில் சரள் எல்லாம் ஓடைக்குப் போய்விடும். தெரு மட்டும் ஏறி, பழைய வீடுகள் பள்ளத்தில் இருந்தால் கேட்கவே வேண்டாம். 2023 டிசம்பர் 17, 18-ல் பெய்த மழையை யாரும் மறந்திருக்க முடியாது. காயல்பட்டினத்தில் மட்டும் ஒரே நாளில் சுமார் 95 செ.மீ. கொட்டியது. தூத்துக்குடியில் பல நாள் தண்ணீர் வடியவில்லை. தண்ணி போக வழி பார்க்காமல் போடும் ரோடு, பக்கத்து வீட்டுக்கு தண்ணி திருப்பி விடும் கரைதான்.

எனவே சங்கத்தின் முதல் வேலை வசூல் அல்ல. ரோடு யார் பெயரில் இருக்கிறது என்று பார்ப்பது. தனியார் பெயரில் இருந்தால் மனை விற்றவரையோ வாரிசுகளையோ பிடித்து தானப்பத்திரம் வாங்குவது. பொதுச்சொத்துக்குத்தான் 'நமக்கு நாமே' பணம் கிடைக்கும். அடுத்தது, வாறுகால் சேர்த்து மதிப்பீடு கேட்பது. அந்த ஆண்டுக்கு நிதி ஒதுக்கீடு இருக்கிறதா என்று விசாரிப்பது. அதன் பிறகுதான் பணம். அதுவும் சங்கத்தின் பெயரில் வங்கிக் கணக்கு, ஒவ்வொருவருக்கும் ரசீது. 'பிறகு எழுதிக்கலாம்' என்று கையில் வாங்கிய காசுதான் பல சங்கங்களை கலைத்திருக்கிறது.

நியாயமா இது?

வீட்டு வரி கட்டுகிறோம். 2022-ல் அந்த வரியும் ஏறியது. அதற்கு மேல் ரோட்டுக்கு வேறு ஒரு பங்கா என்று கேட்பதில் தப்பே இல்லை. காசு உள்ள நகருக்கு 3-ல் ஒரு பங்கு ஒரே வாரத்தில் சேர்ந்து விடும். உப்பளத்தில் தினக்கூலிக்கு நிற்பவர்கள் தெருவில் ஒரு வருஷம் ஆனாலும் சேராது. காசு கட்டியவருக்கே முதலில் ரோடு என்றால், அதிகம் தேவைப்படும் தெரு கடைசி வரிசைக்குப் போய்விடும்.

ஆனால் சங்கத்துக்கு காசு வசூலிப்பதைவிட பெரிய வேலை ஒன்று இருக்கிறது. 2022 நவம்பர் 1-ந்தேதி முதல் நகர்ப்புறங்களிலும் பகுதி சபை கூட்டம் தொடங்கியது. அங்கே தனி ஆளாகப் போய் கேட்டால் மனு வாங்கிக்கொள்வார்கள். 40 மனைக்காரர்கள் கையெழுத்து, தானப்பத்திர நகல், வாறுகால் வரைபடம் என்று சங்கமாகப் போய் உட்கார்ந்தால் பதில் சொல்லித்தான் ஆக வேண்டும்.

காசு கொடுக்க முடிந்த தெரு ஒரு பங்கு கொடுக்கட்டும். முடியாத தெருவுக்கு வரிப்பணத்தில் முழுசாக ரோடு வர வேண்டும். அடுத்த ஐப்பசிக்குள் இரண்டும் நடக்குமா என்பதே புறநகர் மக்களின் எதிர்பார்ப்பு.