உயிர் உரமும் சங்கக் கிடங்கும்

நெய்வேலி என்றதும் நம் நினைவிற்கு வருவது மின்சாரமே. 1957-ஆம் ஆண்டில் சுரங்கப் பணி தொடங்கிய அவ்வூரின் பழுப்பு நிலக்கரிக்கு மற்றொரு பயனும் உண்டு. நன்கு பொடித்துச் சுண்ணாம்புத் தூளால் அமிலத்தன்மை நீக்கிய அக்கரி, பயிருக்கு நன்மை செய்யும் பாக்டீரியாக்களைத் தாங்கி உழவரிடம் சேர்க்கிறது.

ரைசோபியம், உளுந்து நிலக்கடலை வேர்களில் முடிச்சிட்டு, காற்றிலுள்ள தழைச்சத்தைப் பயிருக்கு ஈட்டித் தருகிறது. அசோஸ்பைரில்லம் நெல்லுக்கும் கரும்புக்கும் துணை நிற்கிறது. யூரியாவை முற்றும் விலக்க இயலாவிடினும், அதன் செலவைக் குறைக்க இவை உதவும்.

“வாங்கினோம், பலனில்லை” என்பாரும் உளர். பல வேளைகளில் குறை, பொட்டலத்தைப் பேணிய முறையிலேயே இருக்கிறது. நூற்சிப்பம்போல் மாதக்கணக்கில் அடுக்கி வைக்கத் தக்க சரக்கன்று இது. வெப்பத்தில் மடியும் உயிர். ஆகவே, சங்கங்கள் இதனை இரசாயன மூட்டைகளுக்கு அப்பால், குளிர்ந்த நிழலில் வைத்தல் வேண்டும். காலங்கடந்ததை விற்றலாகாது என வற்புறுத்துகிறோம். உறுப்பினரும் தேதி பார்த்து, தம் பயிருக்கு உரியதையே கேட்டுப் பெறுக. ஆறிய அரிசிக் கஞ்சியில் கலந்து விதைக்குப் பூசி, நிழலில் அரைமணி நேரம் உலர்த்தி, அன்றே விதைத்திடுக.

உயிரற்ற பொட்டலத்தை ஒருமுறை வாங்கிய உழவர் மறுமுறை நம்பார். அந்நம்பிக்கையே கூட்டுறவின் முதல். அதனை இழத்தல் தகாது.