பிள்ளை எத்தனை ஓவர் போட்டான் என்று யார் எண்ணுவது?



கொஞ்சம் நீளமான பதிவு. பெருநாள் சுற்றுப்போட்டி நடத்துகிற கழகத்துச் சகோதரர்களும், விளையாடுகிற பிள்ளைகளின் வாப்பாமார், உம்மாமாரும் பொறுமையாக வாசியுங்கள்.

இந்த முறை 15 வயதுக்குட்பட்டவர்களுக்குக் கடினப் பந்துச் சுற்றுப்போட்டி என்று குறூப்பில் பார்த்தேன். சந்தோஷம். கற்பிட்டியிலிருந்து பாலாவி வரைக்கும் நம்ம பிள்ளைகள் டெனிஸ் போலிலேயே நின்று போகிறார்கள் என்று கவலைப்பட்டவர்களில் நானும் ஒருவன். பரிசுத் தொகை பேசியாயிற்று. கோப்பை எவ்வளவு உயரம் என்று பேசியாயிற்று. பிரதம அதிதி யார் என்று இரண்டு நாளாகப் பேசினோம். விதிமுறை என்று வந்தது ஒரே ஒரு வரி: "போட்டிக்கு 10 ஓவர், ஒருவருக்கு 3 ஓவர்."

அந்த ஒரு வரி போதும் என்றுதான் போன வருஷம் நானும் நினைத்தேன். அதனால்தான் இதை எழுதுகிறேன்.

போன வருஷம் ஒரு சுற்றுப்போட்டிக்கு நம்ம பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போனது நான். ஸ்கோர் எழுதியதும் நான். அணியில் 13 வயதுப் பிள்ளை ஒருவன், நல்ல வேகம். சனிக்கிழமை நான்கு போட்டி. ஒவ்வொன்றிலும் 3 ஓவர், ஆக 12. அஸருக்குப் பிறகு அவனுடைய ஊர்க் கழகத்தில் பெரியவர்களோடு ஒரு போட்டி, அதில் 4. ஞாயிறு இறுதிப்போட்டியில் 3. இரண்டு நாளில் 19 ஓவர், அதாவது 114 பந்து. வைட், நோபோல், போட்டிக்கு முன்னால் போட்டுப் பார்த்தது எதுவும் இந்தக் கணக்கில் இல்லை. ஒரு விதியும் மீறப்படவில்லை. சிறந்த பந்து வீச்சாளர் கிண்ணத்தை அவன் கையில் கொடுத்தபோது நானும் கைதட்டினேன்.

செவ்வாய்க்கிழமை வகுப்பில் அவனால் குனிந்து புத்தகப் பையை எடுக்க முடியவில்லை. கீழ் முதுகெலும்பில் அழுத்தத்தால் வந்த வெடிப்பு என்று டொக்டர் சொன்னார். மாதக்கணக்கில் பந்தைத் தொடக்கூடாது. பிள்ளை என்னிடம் கேட்டது ஒன்றுதான்: "சேர், என்னை டீம்ல இருந்து எடுத்துருவீங்களா?"

விளையாட்டுப் பொறுப்பு என் தலையில் விழுந்ததே தவிர, கல்வியியற் கல்லூரியில் நான் படித்தது விஞ்ஞானம். வளர்கிற பிள்ளையின் எலும்பு நுனிகளில் இன்னும் இறுகாத பகுதி இருக்கிறது என்று வகுப்பில் படம் கீறிக் காட்டுகிறவன் நான். வேகப்பந்து போடும்போது முதுகு வளைகிறது, திரும்புகிறது, முன்கால் தரையில் விழும் அடி முழுவதையும் தாங்குகிறது. ஒரு பந்தால் ஒன்றும் ஆகாது. ஓய்வில்லாமல் திரும்பத் திரும்ப வரும்போதுதான் எலும்பு விட்டுக்கொடுக்கிறது. பாடம் தெரிந்தும் மைதானத்தில் எனக்கு அது ஞாபகம் வரவில்லை.

பெரிய இடத்து உதாரணமும் இருக்கிறது. அவுஸ்திரேலியாவின் பெட் கமின்ஸ் 2011 நவம்பரில் 18 வயதில் முதல் டெஸ்ட் ஆடினார். அடுத்த டெஸ்ட் ஆட 2017 மார்ச் வரை காத்திருந்தார். இடையில் முதுகெலும்பு வெடிப்பு திரும்பத் திரும்ப வந்தது. அவரைச் சுற்றி வைத்தியர்களும் பயிற்றுவிப்பாளர்களும் இருந்தார்கள். நம்ம பிள்ளையைச் சுற்றி யார் இருக்கிறார்கள்? நானும் ஒரு ஸ்கோர் புத்தகமும்தான்.

நாம் விட்ட பிழை, போட்டிக்கு எத்தனை ஓவர் என்று எண்ணினோம், பிள்ளைக்கு எத்தனை ஓவர் என்று எண்ணவில்லை. முதுகுக்கு எந்தப் போட்டி, எந்தக் கழகம் என்று தெரியாது. அது மொத்தக் கணக்கைத்தான் வைத்திருக்கும்.

இதே பிழையை பேஸ்போல்காரர்கள் நமக்கு முன்னரே கண்டுபிடித்துத் திருத்தியிருக்கிறார்கள். அமெரிக்காவில் சிறுவர்களுக்கான லிட்டில் லீக், ஒரு பிள்ளை எத்தனை இன்னிங்ஸ் எறியலாம் என்றுதான் முன்பு பார்த்தது. 2007 முதல் எறிகிற பந்தையே எண்ணுகிறார்கள். 11, 12 வயதென்றால் ஒரு நாளைக்கு 85 பந்து. 14 வயது வரையான பிள்ளை ஒரே நாளில் 66 அல்லது அதற்கு மேல் எறிந்தால் நான்கு நாள் கட்டாய ஓய்வு. ஜப்பானில் 2018 கோடைகாலப் பாடசாலைச் சுற்றுப்போட்டியில் ஒரு மாணவன் ஆறு போட்டிகளில் 881 பந்து எறிந்தான். நாடே அவனைக் கொண்டாடியது, பிறகு நாடே யோசித்தது. 2020இலிருந்து அங்கே உயர்தரப் பாடசாலை மாணவனுக்கு வாரத்துக்கு 500 பந்துதான்.

கிரிக்கெட்டிலும் இருக்கிறது. இங்கிலாந்து, வேல்ஸ் கிரிக்கெட் சபை இளம் வேகப்பந்து வீச்சாளர்களுக்கு நீண்ட காலமாகக் கடைப்பிடித்த அளவு இது: 13 வயது வரை தொடர்ச்சியாக 5 ஓவர், நாளுக்கு 10. 14, 15 வயதுப் பிரிவுகளுக்குத் தொடர்ச்சியாக 6, நாளுக்கு 12. வாரத்தில் நான்கு நாளுக்கு மேல் வேண்டாம், தொடர்ந்து இரண்டு நாளுக்கு மேலும் வேண்டாம். அந்தச் சனிக்கிழமை 13 வயதுப் பிள்ளை 16 ஓவர் போட்டான், நான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அடுத்தது ஹெல்மட்.

"நாங்க எல்லாம் ஹெல்மட் போட்டா விளையாடினோம்?" என்று ஒரு சகோதரர் கேட்டிருந்தார். இல்லைதான் நானா. ஆனால் நாம் விளையாடியது டெனிஸ் போலில். பந்தை மாற்றிவிட்டோம், மற்றதை மாற்றவில்லை. பெரியவர்கள் ஆடும் கடினப் பந்து 156 முதல் 163 கிராம். 2014 நவம்பரில் சிட்னி மைதானத்தில் கழுத்தில் பந்து பட்டு பிலிப் ஹியூஸ் மௌத்தானபோது அவர் தலையில் ஹெல்மட் இருந்தது, கழுத்துப் பக்கம்தான் திறந்திருந்தது. 2015 ஜூலையில் இங்கிலாந்தின் சர்ரேயில், தமிழர்களின் லீக் போட்டி ஒன்றில் நெஞ்சில் பந்து பட்டு, நம் நாட்டு யாழ்ப்பாணத்து இளைஞர் ஒருவர் இறந்தார். வயது 24. பயம்காட்ட இதைச் சொல்லவில்லை. கடினப் பந்து என்றால் என்ன என்று தெரிந்துகொண்டு ஆட வேண்டும் என்பதற்காகச் சொல்கிறேன்.

காசு எங்கே என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. கடலுக்குப் போகிற வாப்பாவும் தோட்டத்தில் கூலிக்கு நிற்கிற வாப்பாவும் பிள்ளைக்கு ஹெல்மட் வாங்க முடியாது, வாங்கச் சொல்லவும் கூடாது. ஆனால் கணக்குப் பாருங்கள். ஒரு நேரத்தில் களத்தில் ஹெல்மட் தேவைப்படுவது இரண்டு துடுப்பாட்டக்காரர், ஒரு விக்கெட் காப்பாளர், ஆக மூன்று பேருக்கு. இரண்டு அளவில் மும்மூன்று வாங்கினால், ஒரு மைதானத்தில் நடக்கிற முழுச் சுற்றுப்போட்டிக்கும் ஆறு போதும். அணிக்கு அணி வாங்கத் தேவையில்லை, நடத்துகிற கழகம் வாங்கி வைத்தால் வருஷா வருஷம் ஓடும். ஆள் உயரக் கோப்பையை முழங்கால் உயரத்துக்குக் குறைத்தால் அதில் பாதிக் காசு வந்துவிடும்.

வாங்கும்போது இதையும் பாருங்கள். உள்ளே பி.எஸ். 7928:2013 என்ற தர அடையாளம் இருக்க வேண்டும். 13 வயதுக்குட்பட்டோரின் பந்து 133 முதல் 144 கிராம், உருவத்திலும் சிறியது. பெரியவர்களின் ஹெல்மட்டில் கம்பிக்கும் மேல் விளிம்புக்கும் இடையில் பெரிய பந்து போகாது, சின்னப் பந்து புகுந்துவிடலாம். பழைய ஹெல்மட்டை யாராவது அன்பளிப்புச் செய்தால் முதலில் பந்தை வைத்து அழுத்திப் பாருங்கள். பலமாக அடி வாங்கிய ஹெல்மட் வெளியே நன்றாகத் தெரிந்தாலும் வேண்டாம். மோட்டார் சைக்கிள் ஹெல்மட் இதற்கு உதவாது.

ஆக, கழகத்திடம் நான் கேட்பது நான்கு.

1. ஹெல்மட், காலுக்குப் பேட், கிளவ்ஸ், இடுப்புக்குக் கீழே போடும் கார்ட் இல்லாமல் யாரும் துடுப்பெடுக்கக்கூடாது. ஸ்டம்புக்குப் பக்கத்தில் நிற்கிற விக்கெட் காப்பாளருக்கும் இதேதான்.

2. 13 வயது வரை நாளுக்கு 10 ஓவர், 15 வயது வரை 12. எத்தனை போட்டி, எந்தக் கழகம் என்றாலும் மொத்தம் அவ்வளவுதான். ஸ்கோரர் பிள்ளையின் பெயர் போட்டு எழுத வேண்டும்.

3. 13 வயதுக்குட்பட்டவர்கள் துடுப்பாட்டக்காரருக்கு 11 யாருக்குக் கிட்ட நிற்கக்கூடாது, 15 வயதுக்குட்பட்டவர்கள் 8 யாருக்குக் கிட்ட. ஓப் பக்கம் விக்கெட்டுக்குப் பின்னால் நிற்பதற்கு மட்டும் விலக்கு.

4. முதுகு, முழங்கை, தோள் நோகிறது என்று பிள்ளை சொன்னால் அன்றைக்கு அவன் பந்து போடக்கூடாது. இதில் கெப்டனுக்கும் எனக்கும் வாக்கு இல்லை.

"நல்ல பவுலரை நிறுத்தினால் போட்டி தோற்கும்" என்பார்கள். தோற்கலாம். அன்றைக்கு இன்னும் இரண்டு பிள்ளைகள் பந்து போடப் பழகுவார்கள். ஒரே ஒருவனை நம்பி நிற்கிற அணி நல்ல அணி அல்ல, அதை அப்படி வளர்த்தது நாங்கள் பெரியவர்கள்.

தவக்குல் வைப்போம். ஆனால் ஒட்டகத்தைக் கட்டிவிட்டு வைப்போம். பிள்ளைகள் நம் கையில் இருக்கிற அமானிதம்.

அந்தப் பிள்ளை இப்போது நடக்கிறான், ஓடுகிறான், அல்ஹம்துலில்லாஹ். பந்து போட இன்னும் அனுமதி இல்லை. அணியில் அவன் பெயர் அப்படியே இருக்கிறது.

வெள்ளிக்கிழமை இஷாவுக்குப் பிறகு கழகக் கூட்டம் என்று கேள்விப்பட்டேன். இன்ஷா அல்லாஹ் நானும் வருவேன். மாற்றுக் கருத்து இருந்தால் கீழே எழுதுங்கள், அங்கே நேரிலும் சொல்லுங்கள். இந்த முறை ஸ்கோர் புத்தகத்தோடு இன்னொரு கொப்பியும் கொண்டு வருகிறேன். அதில் பக்கத்துக்கு ஒரு பிள்ளையின் பெயர் இருக்கும்.