குளிசை விற்றால் மட்டும் போதுமா?

எம்மவர்களிடையே பாமசி திறக்கும் ஆர்வம் பெருகியிருக்கிறது. புடைவைக் கடை, பலசரக்கு, ஹாட்வெயார் என்றிருந்த வீதிகளில் இப்போது நாலைந்து பாமசிகளாவது தென்படுகின்றன. நல்லதுதான். நான் புடைவை வியாபாரி, மருந்து பற்றிப் பேச டொக்டரல்ல. ஆனாலும் ஒரு வியாபாரியின் கண்ணோடு பார்க்கையில் இத்துறையில் பெரிய ஓட்டை ஒன்று தெரிகிறது.

பாமசிக்கு மிக நிலையான வாடிக்கையாளர் யார்? பிரஷர் நோயாளிதான். இருமல்காரர் ஒரு வாரத்தில் சுகமாகிப் போய்விடுவார். பிரஷர்காரர் ஆயுள் முழுக்க மாதாமாதம் வரவேண்டியவர். பெருநாளைக்குப் பெருநாள் வருபவருக்கே எனது கடையில் ஒரு கொப்பி உண்டு. மாதாமாதம் வருபவருக்கோ பெரும்பாலான பாமசிகளில் ஒரு துண்டுக் கடதாசி கூடக் கிடையாது. அவர் இரண்டு மாதம் வராவிட்டால் ஏனென்று கேட்பார் யாருமில்லை. பிரஷருக்கு நோவில்லை, எனவே “இப்ப சுகம்தானே” என்று குளிசையை நிறுத்திவிடுகிறார்கள். பிறகு பாரிசவாதம் வந்தோ, சிறுநீரகம் பழுதாகியோதான் விஷயம் வெளியே வருகிறது.

எங்கள் வீதி நாட்டாமி ஒருவரின் மருந்துப் பையை அண்மையில் பார்க்கக் கிடைத்தது. அரசாங்க ஆஸ்பத்திரி கிளினிக்கில் கடதாசி உறையில் போட்டுக் கொடுத்த லொசார்டன் ஒரு பக்கம். செனலிங் டொக்டர் எழுதி, பாமசியில் வாங்கிய குளிசை மறுபக்கம். பெட்டியில் கம்பனிப் பெயர் வேறு, உள்ளே இருப்பது அதே லொசார்டன்தான். போதாக்குறைக்கு முழங்கால் நோவுக்கு டைக்ளோபெனக். இவ்வகை நோவுக் குளிசைகள் பிரஷரைக் கூட்டக் கூடியவை, பிரஷர் மருந்தின் வேலையையும் குறைக்கும். பாமசியில் வாங்கிய இரண்டையும் விற்றது ஒரே கடை. வேறென்ன குடிக்கிறீர்கள் என்று அங்கே ஒருவரும் கேட்கவில்லையாம். சட்டப்படி அங்கு பதிவுபெற்ற மருந்தாளர் இருக்க வேண்டும். சில இடங்களில் அவருடைய சான்றிதழ் மட்டும் சுவரில் இருக்கிறது!

இங்கிலாந்தில் 2011ஆம் ஆண்டு ஒரு திட்டம் தொடங்கினார்கள். ஒருவருக்குப் பிரஷர் மருந்து புதிதாக எழுதப்பட்டால், மருந்தாளர் அவருடன் முதல் நாள் பேசுவார். ஓரிரு வாரம் கழித்து மீண்டும் கேட்பார். அதன்பின் இன்னொரு தடவை. தலைச்சுற்று உண்டா, காலில் வீக்கமா, ஒழுங்காகக் குடிக்கிறீர்களா என்பதே பேச்சு. இதற்கான கட்டணத்தை அரசாங்கம் பாமசிக்குக் கொடுக்கிறது. இங்கே அரசாங்கம் தரும் என்று காத்திருப்பது வீண். ஆனால் ஒரு நோயாளிக்கு ஓர் அட்டை, குளிசை முடியும் நாளில் ஒரு போன் அழைப்பு, வெயிலில் வந்தவரை ஐந்து நிமிடம் உட்கார வைத்துப் பார்க்கும் பிரஷர் கருவி, இவற்றுக்கு எவ்வளவு முடியும்? நோன்பு காலத்தில் குளிசை நேரத்தைத் தாங்களாகவே மாற்றுபவர்களையும், முன்கூட்டியே டொக்டரிடம் கேட்கும்படி அனுப்பி வைக்கலாம்.

மருந்தாளரின் சம்பளம் கட்டாது என்கிறார்கள் முதலாளிமார். கணக்கைப் பார்ப்போம். ஒழுங்காகக் குடிப்பவர் வருடத்தில் பன்னிரண்டு தடவை வாங்குவார், விட்டுவிட்டுக் குடிப்பவர் ஆறு தடவை. 2022இல் விலை ஏறியபோது ஐந்து நாளுக்கு மட்டும் வாங்கி, ஒருநாள் விட்டு ஒருநாள் குடித்தவர்களை நாம் கண்டோம். அவர்களிடம் டொக்டரைக் கேட்டு விலை குறைந்த அதே மருந்துக்கு மாறுங்கள், ஒசுசலவில் விசாரியுங்கள் என்று சொல்ல ஒரு ஆள் இருந்திருந்தால் அந்த வாடிக்கையாளர் நிலைத்திருப்பார். ஒரு பயமும் எனக்குண்டு. அதே அட்டையை வைத்துக்கொண்டு விற்றமின் போத்தல்களைத் தலையில் கட்டத் தொடங்கினால் எல்லாம் பாழ்.

கிளினிக்கில் மட்டும் மருந்தெடுக்கும் ஏழையால் பாமசிக்கு இலாபமில்லை, அவரை யார் பார்ப்பது? 2020இல் ஊரடங்கின்போது கிளினிக் மருந்துகளைத் தபால்காரர்கள் வீடுவீடாகக் கொண்டுபோய்க் கொடுத்தார்கள். மனம் வைத்தால் வழியுண்டு. ஒரு மேசை, இரண்டு கதிரை, வாரத்தில் ஒரு பின்னேரம் வந்துபோகும் மருந்தாளர். அவருக்குரிய கொடுப்பனவைக் கடைக்காரர்கள் பகிர்ந்துகொள்ளலாம். எங்கள் வீதி வர்த்தக சங்கத்தின் அடுத்த கூட்டத்தில் இதை முன்வைக்கவிருக்கிறேன். பாமசி வைத்திருக்கும் அங்கத்தவர்கள் என்ன சொல்கிறார்கள் பார்ப்போம்.