விறகென்று தள்ளிவிடாதீர்கள்!

மரவாடி வைத்திருக்கும் நமக்குக் கணக்கெல்லாம் கன அடியில்தான். வெடிப்பும் கணுவும் வளைந்த ஓரமும் நமக்குக் கழிவு. எடை போட்டு விறகுக்குத் தள்ளிவிடுவோம். 2016 டிசம்பரில் வார்தா புயல் சென்னையில் ஆயிரக்கணக்கான மரங்களைச் சாய்த்தபோதும் அப்படித்தான் செய்தோம்.

அந்தச் சமயம் ஓர் இளைஞர் நம் வாடிக்கு வந்து, நடுவே வெடித்த தூங்குமூஞ்சிப் பலகை ஒன்றைக் கேட்டார். "இதை வைத்து என்ன தம்பி செய்யப் போகிறீர்கள்?" என்று சிரித்துக்கொண்டே விறகு விலைக்குக் கொடுத்தோம். இரண்டு ஆண்டு கழித்து வாடிக்கையாளர் ஒருவரின் புதுமனை புகுவிழாவுக்குப் போனால், அதே பலகை சாப்பாட்டு மேசையாக நிற்கிறது! வெடிப்பை வைத்தே அடையாளம் கண்டோம். விலையைக் கேட்டதும் வாயடைத்துப் போயிற்று. குறை மரத்தில் இல்லை, நம் கண்ணில்தான் என்பது அன்று விளங்கியது.

இந்த வழியைக் காட்டியவர்களில் முதன்மையானவர் ஜார்ஜ் நகாஷிமா. ஜப்பானிய வம்சாவளி அமெரிக்கரான இவர், 1930களின் பிற்பகுதியில் புதுச்சேரி அரவிந்தர் ஆசிரமத்தின் கோல்கொண்டே விடுதிக் கட்டுமானத்தை மேற்பார்த்தவர். பின்னர் அமெரிக்காவில் தச்சுப் பட்டறை வைத்தார். மரத்தின் இயல்பான ஓரத்தைச் சீவாமல் விட்டார். வெடிப்பை மறைக்காமல், வண்ணத்துப்பூச்சி வடிவக் கட்டை பதித்து இறுக்கினார். அடிமரத்தை அறுக்கும்போது தாமே அருகில் நின்று பார்ப்பார். பலகைகளை ஆண்டுக்கணக்கில் காயவைப்பார். 1990இல் அவர் மறைந்தபின் மகள் மீரா பட்டறையை ஏற்று நடத்தினார். ஆரோவில்லில் 1996இல் வைக்கப்பட்ட அமைதி மேசை நகாஷிமாவின் எண்ணத்தில் பிறந்ததே.

இன்று நம் ஊர்களிலும் படித்த இளைஞர் பலர் இத்தொழிலுக்கு வருகிறார்கள். அவர்களுக்கு வேண்டிய சரக்கு நம்மிடம்தான் இருக்கிறது. ஆனால் வாடி வாசலிலேயே "சில்லறைக்குக் கிடையாது" என்று திருப்பி அனுப்புகிறோம். இது சரியா?

"முதல் முடங்குமே" என்பீர்கள். நியாயமான கேள்விதான். லோடு லோடாக அடுக்கச் சொல்லவில்லை. அகலமான, வித்தியாசமான பலகை பத்துப் பதினைந்தை மட்டும் ஒரு மூலையில் ஒதுக்குங்கள். இரு முனைகளிலும் மெழுகோ பெயின்டோ பூசி, இடையில் சட்டம் கொடுத்து நிழலில் அடுக்குங்கள். கன அடிக் கணக்கை விட்டு, துண்டுக்கு இவ்வளவு என்று விலை சொல்லுங்கள். என்ன மரம், எங்கே வெட்டியது என்பதை ரசீதில் எழுதிக் கொடுங்கள். இவர்கள் அதைத்தான் முதலில் கேட்கிறார்கள்.

நூறாண்டு நின்ற மரத்தை ஒரு நாள் அடுப்புக்குக் கொடுப்பது வணிகமும் அல்ல, தர்மமும் அல்ல. நாம் அந்தத் தவற்றைச் செய்தவர்கள் என்பதால்தான் இதை எழுதுகிறோம். உறுப்பினர்கள் சிந்திக்க வேண்டுகிறோம்.