ஊகம் என்றால் ஊகம் என்று சொல்லட்டும்

இரண்டு ப்ராசஸர் உள்ள சர்வரில் மெமரி ஒரே குவியல் இல்லை. ஏஎம்டி 2003-ல் ஆப்டெரானிலும் இன்டெல் 2008-ல் நெஹேலமிலும் மெமரி கன்ட்ரோலரை ப்ராசஸருக்குள்ளேயே வைத்துவிட்டன. அதனால் ஒவ்வொரு ப்ராசஸருக்கும் பக்கத்தில் சொந்த மெமரி உண்டு. இதுதான் நோடு. சொந்த மெமரி சீக்கிரம் கிடைக்கும், அடுத்த நோடின் மெமரி தாமதமாகும். எந்த சிபியு எந்த நோடு என்பதை பயாஸ் தரும் எஸ்ஆர்ஏடி அட்டவணையைப் பார்த்து லினக்ஸ் குறித்துக்கொள்கிறது.

சரி, அட்டவணையில் ஒரு சிபியு விடுபட்டால்? 'நோடு தெரியாது' என்று குறிக்க கெர்னலிலேயே -1 என்ற மதிப்பு இருக்கிறது. ஆனால் எக்ஸ்86-ல் பூட் ஆகும்போது, அப்படி விடுபட்ட சிபியுக்களை இருக்கிற நோடுகளுக்கு வரிசையாகப் பங்கு போட்டுவிடுகிறார்கள். கேட்டால், மட்டமான மதர்போர்டுகள் மேல் பழி!

மெஷின் பூட் ஆகவேண்டும், ஒத்துக்கொள்ளலாம். ஆனால் தப்பான நோடு விழுந்தால் எர்ரர் வராது, க்ராஷ் ஆகாது. ப்ரோக்ராம் மெதுவாக ஓடும், திட்டு கோட் எழுதியவருக்கு. எல்எஸ்சிபியு காட்டும் எண்ணைப் பார்த்தால், அது அட்டவணை சொன்னதா கெர்னல் ஊகித்ததா என்று தெரியாது.

ஊகிக்கட்டும், தப்பில்லை. 'இது ஊகம்' என்று ஒரு வரி சேர்த்துச் சொன்னால் என்ன குறைந்துவிடும்?