தலயா இருந்தாலும் கோடு கோடுதான்

டிபார்ட்மென்ட் ஃபைனல். கடைசி அஞ்சு நிமிஷம். உங்க டீம் பையனை எதிர் டீம்காரன் ஒருத்தன் வேணும்னே இடிச்சுக் கீழே தள்ளிடுறான். நீங்க சப்ஸ்டிட்யூட், பெஞ்சுல உக்காந்திருக்கீங்க. என்ன பண்ணுவீங்க?

"இதுல யோசிக்க என்ன இருக்கு, எகிறிட்டுப் போவேன்"னுதான் முக்கால்வாசிப் பேர் சொல்வீங்க. போகாதவனுக்கு நம்ம காலேஜ்ல என்ன பேருன்னும் உங்களுக்குத் தெரியும். போனவன் அன்னிக்கு ராத்திரி ஹாஸ்டல் மெஸ்ல ஹீரோ.

என் கருத்தை முதல்லயே சொல்லிடுறேன். பெஞ்சை விட்டு முதல்ல ஓடுறவனுக்குத் தண்டனை கட்டாயம் வேணும். அவன் பக்கம் நியாயம் இருக்கா, அவன் யாரை அடிச்சான், அவன் எவ்ளோ பெரிய பிளேயர், இந்தக் கேள்வி எதுவுமே கேக்காம வேணும். திட்டணும்னு தோணுதா? கொஞ்சம் பொறுங்க.

முதல்ல நம்ம தலகிட்ட இருந்தே ஆரம்பிப்போம். 2019 ஏப்ரல் 11, ஜெய்ப்பூர். ராஜஸ்தான் ராயல்ஸுக்கு எதிரா சி.எஸ்.கே.வுக்குக் கடைசி ஓவர்ல 18 ரன் வேணும். பந்து பென் ஸ்டோக்ஸ் கையில. 58 ரன் அடிச்சிருந்த தோனி அந்த ஓவர்லயே போல்டாகி வெளியே போயிட்டார். அடுத்து சான்ட்னருக்கு வந்த பந்து உயரமான ஃபுல் டாஸ். அம்பயர் உல்லாஸ் காந்தே நோ-பாலுக்குக் கையைத் தூக்குறார், லெக் அம்பயர் ப்ரூஸ் ஆக்ஸன்ஃபோர்ட் இல்லைங்கிறார். அவுட்டாகி வெளியே இருந்த தோனி விறுவிறுன்னு கிரவுண்டுக்குள்ள நடந்து வந்து அம்பயர்கிட்ட வாக்குவாதம் பண்ணினார். கடைசிப் பந்துல சான்ட்னர் சிக்ஸ் அடிச்சு மேட்ச் ஜெயிச்சாச்சு. தோனிக்கு மேட்ச் சம்பளத்துல 50 சதவீதம் அபராதம். தடை கிடையாது.

மூணு வருஷம் கழிச்சு, 2022 ஏப்ரல் 22, மும்பை வான்கடே. மறுபடியும் ராஜஸ்தான், மறுபடியும் கடைசி ஓவர், மறுபடியும் ஃபுல் டாஸ். டெல்லிக்கு 36 ரன் வேணும், ரோவ்மன் பவல் முதல் மூணு பந்தையும் சிக்ஸ் அடிச்சுட்டார். மூணாவது பந்து நோ-பால்னு டெல்லி டக்-அவுட் கொந்தளிக்குது. கேப்டன் ரிஷப் பந்த் பேட்ஸ்மேன்களை வெளியே வரச் சொல்லிக் கையைக் காட்டுறார். உதவிக் கோச் பிரவீன் ஆம்ரே கிரவுண்டுக்குள்ளயே போயிட்டார். பந்துக்கு 100 சதவீதம் அபராதம். ஆம்ரேவுக்கு 100 சதவீதம் அபராதம், கூடவே ஒரு மேட்ச் தடை.

ரெண்டு பேரும் வெளியே இருக்க வேண்டியவங்க. ரெண்டு பேரும் நோ-பால் கேக்கத்தான் உள்ளே போனாங்க. ஒருத்தருக்குப் பாதிச் சம்பளம், இன்னொருத்தருக்கு முழுச் சம்பளமும் தடையும். தண்டனை ஆளுக்கு ஆள் மாறினா, பாக்குறவங்க மனசுல என்ன பதியும்? "பெரிய ஆளா இருந்தா உள்ளே போகலாம்"னுதானே? நம்ம கிரவுண்டுல ஃபைனல் இயர் அண்ணன் உள்ளே போனா "சீனியர், விடுங்கடா"ங்கிறோம். ஃபர்ஸ்ட் இயர் பையன் போனா பி.டி. சார் ஐ.டி. கார்டைப் பிடுங்குறார். ரெண்டும் ஒரே கதைதான்.

இந்தக் கோட்டை ரொம்ப சீரியஸா எடுத்துக்கிட்ட விளையாட்டு ஒண்ணு இருக்கு. ஐஸ் ஹாக்கி. வேலூர் வெயில்ல கோன் ஐஸே கைக்கு வர்றதுக்குள்ள உருகிடும், இதுல ஐஸ் ஹாக்கியான்னு சிரிக்காதீங்க. நம்ம நாட்டுலயே லடாக்குல குளிர்காலத்துல உறைஞ்ச குளத்து மேல ஆடுறாங்க. தப்பு பண்ணினவன் ரெண்டு நிமிஷமோ அஞ்சு நிமிஷமோ பெனால்டி பாக்ஸ்ல தனியா உக்காரணும், அதுவரைக்கும் பெரும்பாலும் அவன் டீம் ஒரு ஆள் குறைவா ஆடணும். நேரம் முடியுறதுக்கு முன்னாடி அவனா வெளியே வந்தா மேற்கொண்டு தண்டனை. அப்படித் திருட்டுத்தனமா உள்ளே வந்தவன் ஐஸ் மேல இருக்கும்போது அவன் டீம் கோல் போட்டாலும் செல்லாது.

அமெரிக்கா, கனடாவுல நடக்குற என்.எச்.எல். லீக்ல இன்னொரு விதி இருக்கு. உள்ளே சண்டை நடக்கும்போது பெஞ்சை விட்டோ பெனால்டி பாக்ஸை விட்டோ முதல்ல குதிச்சு வர்றவனுக்கு 10 மேட்ச் தடை. ரெண்டாவதா வர்றவனுக்கு 5. சம்பளமும் கிடையாது. 2013 செப்டம்பர்ல டொராண்டோ டீமுக்குப் புதுசா வந்த டேவிட் கிளார்க்சன், எதிர் டீமோட ராட்சச பிளேயர் ஜான் ஸ்காட் தன் டீம்மேட் ஃபில் கெசல் மேல பாயுறதைப் பாத்துட்டு பெஞ்சுல இருந்து குதிச்சார். அது சீசனுக்கு முந்தின பயிற்சி மேட்ச். அப்படியும் 10 மேட்ச் போச்சு.

முதல் ஆளுக்கு 10, ரெண்டாம் ஆளுக்கு 5. இந்தக் கணக்கைக் கவனிச்சீங்களா? ரெண்டு பேர் சண்டை ரெண்டு பேரோட முடிஞ்சிடும். மூணாவது ஆள் உள்ளே வந்தா எதிர் பெஞ்சுல இருந்து நாலாவது ஆள் வருவான். அப்புறம் நாப்பது பேர். அப்ப எந்த ரெஃப்ரியாலும் ஒண்ணும் பண்ண முடியாது. முதல் ஆளே இல்லைன்னா ரெண்டாவது ஆளுக்கு வேலையே இல்லை. அதனாலதான் பெரிய சுமையை முதல் ஆள் தலையில வெச்சிருக்காங்க.

அந்த முதல் ஆள் என்ன பண்ண முடியும்னு உலகம் 1987 ஜனவரி 4-ல பாத்துச்சு. செக்கோஸ்லோவாகியாவுல பியஸ்தானிங்கிற ஊர். ஜூனியர் உலக சாம்பியன்ஷிப், கனடாவும் சோவியத் யூனியனும் மோதுறாங்க. கனடா 4-2 முன்னிலை, மெடல் கிட்டத்தட்ட கையில. ஒரு மோதல் கிளம்புது, சோவியத் பெஞ்சுல இருந்து ஒருத்தர் குதிக்கிறார், பின்னாலயே ரெண்டு பெஞ்சும் காலி. ரெஃப்ரிங்க முடியாம ஐஸை விட்டே போயிட்டாங்க. அரங்கத்து லைட்டை எல்லாம் அணைச்சும் இருட்டுல அடிச்சுக்கிட்டாங்க. ரெண்டு டீமையும் போட்டியில இருந்தே தூக்கிட்டாங்க. யாருக்கும் மெடல் இல்லை.

அன்னிக்கு எழுந்திருக்காம பெஞ்சுலயே உக்காந்திருந்த வெகு சிலர்ல கனடாவோட பியர் டர்ஜான் ஒருத்தர். சொந்த டீம்காரங்களே அவரை ரொம்ப நாளைக்குத் திட்டித் தீர்த்தாங்க. அதே வருஷம் என்.எச்.எல்.லுக்குப் புது வீரர்களைத் தேர்ந்தெடுத்தப்போ முதல் ஆளா எடுக்கப்பட்டவர் அவர்தான். 2023-ல ஹாக்கி ஹால் ஆஃப் ஃபேம்ல சேர்ந்தார். உக்காந்திருந்தவன் கோழைன்னு இன்னும் சொல்வீங்களா?

சரி, உங்க பக்கத்து வாதத்துக்கு வர்றேன். அது பலமான வாதம்தான். 2007 மே மாசம், என்.பி.ஏ. பிளே-ஆஃப். சான் அன்டோனியோவோட ராபர்ட் ஹாரி, ஃபீனிக்ஸோட ஸ்டீவ் நாஷை இடிச்சு ஸ்கோரர் மேஜை மேல தள்ளினார். பெஞ்சுல இருந்த அமாரே ஸ்டவுடமயரும் போரிஸ் டியாவும் எழுந்து சில அடி எடுத்து வெச்சாங்க. யாரையும் தொடலை, திரும்பியும் போயிட்டாங்க. ஆனா விதி விதிதான்னு ரெண்டு பேருக்கும் ஒரு மேட்ச் தடை. அந்த மேட்ச்சை ஃபீனிக்ஸ் தோத்துச்சு, சீரிஸையும் தோத்துச்சு. அடி வாங்கின டீமுக்கே நஷ்டம். இது அநியாயம் இல்லையா?

வலிக்கத்தான் செய்யும். ஆனா நாம இன்ஜினியரிங் படிக்கிறவங்க, ஒரு எம்.சி.பி.யை நினைச்சுப் பாருங்க. கரன்ட் அளவு மீறினா ட்ரிப் ஆகும். "எந்த மெஷினுக்காக இவ்ளோ கரன்ட் போச்சு, அது அவசர வேலையா"ன்னு கேக்காது. கேக்க ஆரம்பிச்சா அதுக்குள்ள வயர் எரிஞ்சிடும். பெஞ்ச் கோடும் அப்படித்தான். "இவன் விலக்கிவிடப் போனானா, அடிக்கப் போனானா"ன்னு ரெஃப்ரி யோசிச்சுக்கிட்டு நின்னா வேலைக்கு ஆகாது. விலக்கிவிடப் போறேன்னு சொல்லாம எவன் போயிருக்கான்?

நியாயம் கேக்க வேற வழி வேணும்ங்கிறதையும் ஒத்துக்கிறேன். 2023 ஐ.பி.எல்.ல இருந்து வைடு, நோ-பாலுக்கும் டி.ஆர்.எஸ். கேக்கலாம்னு ஆயிடுச்சு. இப்ப அந்த மாதிரி ஃபுல் டாஸ் வந்தா பேட்ஸ்மேன் கையால ஒரு சைகை காட்டினா போதும், யாரும் டக்-அவுட்டை விட்டு எழுந்து வர வேண்டியதில்லை.

இந்த ஒழுங்கு நமக்கு ஒண்ணும் புதுசு இல்லை. கபடியில அவுட் ஆனவன் கோர்ட்டுக்குப் பின்னால இருக்குற கட்டத்துல போய் உக்காருறான். உள்ளே தன் கேப்டனை ஏழு பேர் அமுக்கினாலும் அவன் எழுந்து ஓடுறதில்லை. டீம் பாயின்ட் எடுத்தாத்தான் உயிர் வரும், அதுவும் எந்த வரிசையில வெளியே போனாங்களோ அதே வரிசையிலதான் உள்ளே வரணும். இதைக் கோழைத்தனம்னு யாராவது சொல்றோமா? அது ஆட்டம்னு சின்ன வயசுலயே பழகியிருக்கோம்.

அதனால நம்ம ஸ்போர்ட்ஸ் கமிட்டிக்கு என் கோரிக்கை இதுதான். ஸ்போர்ட்ஸ் டேக்கு முன்னாடி பெஞ்சைச் சுத்தி சுண்ணாம்புக் கோடு போடுங்க. சண்டை நேரத்துல அதை முதல்ல தாண்டினவன் அந்த டோர்னமென்ட் முழுக்க வெளியே, ரெண்டாவது ஆளுக்கு அடுத்த மேட்ச் கிடையாது. ஏதாவது கேக்கணும்னா கேப்டன் மட்டும் ரெஃப்ரிகிட்ட கேக்கட்டும். இதை மேட்ச்சுக்கு முன்னாடியே மைக்ல சொல்லிடுங்க. ஃபைனல் இயருக்கும் இதே, ஜோனல் ஆடுற பிளேயருக்கும் இதே.

இதைக் கமிட்டி கையில மட்டும் விடாதீங்க. ஞாயித்துக்கிழமை பாலாத்து மணல்ல ஆம்பூர் பிரியாணிக்கு பெட் மேட்ச் ஆடுறீங்களே, அங்க ரெஃப்ரியும் இல்லை, பி.டி. சாரும் இல்லை. பைக் நிறுத்தின வரிசைதான் பெஞ்ச். அங்க இருந்து ஒருத்தன் ஸ்டம்பைப் பிடுங்கிட்டு ஓடினா ரெண்டு ஊருக்குப் பகையாகி நிக்கும். நம்மள்ல பாதிப் பேர் வீட்டுல அம்மாவோ அப்பாவோ ராணிப்பேட்டை, ஆம்பூர் பக்கம் ஷூ கம்பெனியிலயும் தோல் கம்பெனியிலயும் நின்னுக்கிட்டே வேலை பாத்து ஃபீஸ் கட்டுறாங்க. ஒரு போலீஸ் கேஸ் விழுந்தா பாஸ்போர்ட் வெரிஃபிகேஷன்ல இருந்து வேலை வரைக்கும் அது துரத்தும். அன்னிக்கு மெஸ்ல கை தட்டினவங்க யாரும் ஸ்டேஷனுக்குக் கூட வரமாட்டாங்க.

நண்பனுக்கு ஒண்ணுன்னா துடிக்கிற மனசு நல்ல மனசுதான். அந்தத் துடிப்போட பக்கத்துல எழுந்திருக்கப் போறவன் சட்டையைப் பிடிச்சு உக்கார வைங்க. அந்த நேரத்துல உங்க டீமுக்கு நீங்க செய்யக்கூடிய பெரிய உதவி அதுதான்.