சித்திரையில் வாங்கக் கூடாத செடி

இம்பேஷன்ஸ் என்ற பெயரில் நர்சரிகளில் கிடைக்கும் பூச்செடி நம் காசித்தும்பையின் நெருங்கிய உறவு. சிவப்பு, வெள்ளை, இளஞ்சிவப்பு, ஆரஞ்சு என்று இலை தெரியாத அளவுக்குப் பூத்து நிற்கும். நிழலிலும் பூக்கும் என்பதால், நேர்வெயில் விழாத அடுக்குமாடி வீடுகளுக்கு ஏற்றது என்று சொல்லி விற்கிறார்கள். சொல்வது பொய்யல்ல. ஆனால் எந்த மாதத்தில் வாங்க வேண்டும் என்பதை யாரும் சொல்வதில்லை. சென்னை, மதுரை, திருச்சி போன்ற சமவெளி ஊர்களில் பங்குனியில் வாங்கி வந்த செடி கத்திரி வெயிலைத் தாண்டுவது அரிது. செடி செத்ததும் வாங்கியவர் தன்னையே நொந்துகொள்கிறார்; தனக்குக் கைராசி இல்லை என்று முடிவுகட்டி, அடுத்து பிளாஸ்டிக் பூவுக்குப் போய்விடுகிறார். கைராசிக்கும் இதற்கும் ஒரு தொடர்பும் இல்லை. தமிழகச் சமவெளியில் இம்பேஷன்ஸ் ஆண்டு முழுவதும் வீட்டில் இருக்க வேண்டிய செடியே அல்ல. ஐப்பசியில் தொடங்கி மாசியோடு நிறைவடைகிற பருவச் செடி அது. அப்படி ஏற்றுக்கொண்டு வளர்ப்பவரை அது ஏமாற்றாது.

இந்தச் செடி வீட்டுச் செடி என்ற பெயரை எங்கே வாங்கியது என்று பார்த்தால் விஷயம் விளங்கும். நாம் அதிகம் காணும் வகையான இம்பேஷன்ஸ் வாலேரியானாவின் தாயகம் கென்யா முதல் மொசாம்பிக் வரையிலான கிழக்கு ஆப்பிரிக்கா. ஓடைக்கரைகளிலும், காட்டு மரங்களின் அடியில் ஈரம் காயாத நிழலிலும் வளர்வது. 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் சான்சிபாரிலிருந்து இங்கிலாந்து போய்ச் சேர்ந்தது. சான்சிபார் சுல்தானைச் சிறப்பிக்கும் வகையில் ‘சுல்தானி’ என்ற தாவரவியல் பெயரும் ஒரு காலத்தில் இதற்கு வழங்கியது. இங்கிலாந்தில் ஏழை, பணக்காரர் என்ற பேதமின்றி ஜன்னல் விளிம்புகளில் இடம்பிடித்தது. காரணம் எளிது. அந்த நாட்டு வீட்டு அறைகள் குளிர்ச்சியானவை, கண்ணாடி வழியே வரும் வெயில் மென்மையானது. 16 முதல் 24 டிகிரி செல்சியஸ் வரை இந்தச் செடிக்கு மிகவும் பிடித்த வெப்பம். ஆக, வீட்டுக்குள் வளர்க்க எளிய செடி என்ற புகழ் குளிர்நாட்டில் கிடைத்தது. இன்று இணையத்திலும் புத்தகங்களிலும் நாம் படிக்கும் பராமரிப்புக் குறிப்புகளில் பலவும் அந்தத் தட்பவெப்பத்துக்கு எழுதப்பட்டவை. சென்னையின் மே மாதப் பகல் 38 டிகிரியைத் தொடும்போது, அந்தக் குறிப்புகளை வரிக்கு வரி பின்பற்றினாலும் பலன் இருக்காது.

செடியின் உடலமைப்பும் இதையே சொல்கிறது. மரத்தன்மை இல்லாத, நீர் நிறைந்த தண்டு, மெல்லிய இலை, தொட்டால் கசங்கும் இதழ். லண்டன் கியூ தாவரவியல் பூங்காவின் இயக்குநராக இருந்த ஜோசப் ஹூக்கர் தன் முதுமைக் காலத்தை இந்தப் பேரினத்தை வகைப்படுத்துவதிலேயே கழித்தார்; 1911இல் தன் 94ஆம் வயதில் மறையும் வரை அந்த வேலை அவரை விடவில்லை. உலர்த்தி ஒட்டிய மாதிரிகளில் இதன் பூக்கள் உருக்குலைந்துபோவதுதான் அவருக்கு வாய்த்த பெரிய தொல்லை. அவ்வளவு நீர் கொண்ட உடல், நீர் வற்றும் சூழலில் எப்படித் தாக்குப்பிடிக்கும்? நம் மேற்குத் தொடர்ச்சி மலையே இதற்கு இன்னும் தெளிவான சாட்சி. அங்கே நூற்றுக்கும் மேற்பட்ட இம்பேஷன்ஸ் இனங்கள் உள்ளன. அவற்றில் பெரும்பாலானவை உலகில் வேறெங்கும் இயற்கையாக வளர்வதில்லை. சில நீர் கசியும் பாறைகளில் ஒட்டி வளரும், சில சோலைக்காட்டு மரக்கிளைகளில் தொற்றி வாழும். பாறையில் வளரும் பல இனங்கள் தென்மேற்குப் பருவமழையோடு முளைத்து, பூத்து, மழை ஓய்ந்ததும் மண்ணுக்குள் கிழங்காகவோ விதையாகவோ ஒடுங்கிவிடுகின்றன. அதே மண்ணில் பிறந்த செடிகளே வறண்ட மாதங்களில் தலைகாட்டுவதில்லை. ஆப்பிரிக்காவிலிருந்து வந்த உறவுக்காரச் செடியை மட்டும் சித்திரை வெயிலில் பூக்கச் சொல்வது நியாயமில்லை.

வெப்பம் நேரடியாகக் கொல்வதைவிட, அது நம்மைச் செய்ய வைக்கும் தவறால்தான் பெரும்பாலான செடிகள் சாகின்றன. இலைகள் வெளிவிடும் நீரின் வேகத்துக்கு வேர்கள் ஈடுகொடுக்க முடியாதபோது இம்பேஷன்ஸ் துவண்டு தொங்கும். கடும் வெப்பத்தில் மண்ணில் ஈரம் போதுமான அளவு இருந்தாலும் பகல் இரண்டு மணிக்கு இது நடக்கும். பார்ப்பவருக்கு மனம் பொறுக்காது. உடனே ஒரு செம்பு தண்ணீர் ஊற்றுவார். மறுநாளும் அப்படியே. ஏற்கெனவே ஈரமாக இருக்கும் மண்ணில் காற்றுக்கு இடமில்லாமல் போகிறது, வேர் மூச்சுத் திணறி அழுகுகிறது. அழுகிய வேரால் நீரை உறிஞ்ச முடியாது. எனவே செடி இன்னும் அதிகமாக வாடுகிறது. வாட்டத்தைப் பார்த்து மேலும் தண்ணீர் ஊற்றப்படுகிறது. தாகத்தால் வாடுவதும் வேரழுகலால் வாடுவதும் பார்வைக்கு ஒன்றுபோலவே இருப்பதுதான் இந்தச் செடியின் மிகப் பெரிய சிக்கல். இதைப் புரிந்துகொண்டால் பராமரிப்பில் பாதி முடிந்தது.

பிரித்தறியும் வழி இலையில் இல்லை, தொட்டியில் இருக்கிறது. விரலை ஓர் அங்குல ஆழம் மண்ணுக்குள் விட்டுப் பாருங்கள். தொட்டியைத் தூக்கி எடையைப் பாருங்கள். உள்ளே காய்ந்து, தொட்டி லேசாக இருந்தால் அது தாகம். அடித்துளை வழியே வழியும் வரை தண்ணீர் ஊற்றினால் ஓரிரு மணி நேரத்தில் செடி நிமிர்ந்துவிடும். மண் ஈரமாக இருந்து, பகலில் தொங்கிய செடி மாலையில் தானே நிமிர்ந்தால் அது வெப்பத்தின் வேலை. நிழலுக்கு நகர்த்தினால் போதும், தண்ணீர் வேண்டாம். மண்ணும் ஈரம், காலையிலும் செடி நிமிரவில்லை என்றால் வேர் கெட்டுவிட்டது என்று பொருள். அந்தச் செடியை மீட்க முயல்வதைவிட, கெடாத நுனிக் கிளைகளை நறுக்கிப் புதிதாக வேர்விட வைப்பதே அறிவுடைமை. இன்னொன்றும் கவனிக்க வேண்டும். நர்சரிச் செடிகள் பெரும்பாலும் தென்னை நார்க்கழிவில் வளர்க்கப்பட்டு வருகின்றன. அதன் மேற்பரப்பு வெளுத்துக் காய்ந்ததுபோலத் தெரியும்; அடியில் பிழிந்தால் நீர் சொட்டும். மேலே பார்த்து ஊற்றுகிறவர் ஏமாறுவது இங்கேதான். அடித்துளை இல்லாத அலங்காரச் சாடிகளும், எப்போதும் தண்ணீர் தேங்கிய தட்டுகளும் அதே முடிவைத்தான் தரும்.

நிழல் விரும்பிதானே, வரவேற்பறை மூலையில் வைத்தால் என்ன என்று கேட்பார்கள். மரத்தடி நிழல் வேறு, அறை மூலையின் இருள் வேறு. திறந்த வெளியில் மரத்தடியில் விழும் ஒளியில் ஒரு சிறு பங்குகூட ஜன்னலிலிருந்து பத்தடி தள்ளி இருக்கும் மேசைக்கு வந்து சேர்வதில்லை; நம் கண் பழகிவிடுவதால் அது வெளிச்சமாகத் தெரிகிறது. அங்கே வைத்த செடி ஒளியைத் தேடி நீண்டு மெலியும், மொட்டு உதிரும், பிறகு பூப்பதையே நிறுத்தும். கிழக்கு ஜன்னலின் விளிம்பும், காலை வெயில் ஓரிரு மணி நேரம் விழும் பால்கனியும் மிகச் சிறந்தவை. மேற்கு ஜன்னல் ஆகாது. தெற்கு ஜன்னலைப் பரிந்துரைக்கும் குறிப்புகள் வடநாடுகளுக்கு உரியவை. நமக்கு மார்கழி, தை மாதங்களில் சூரியன் தெற்கே சாய்ந்து நேராக உள்ளே அடிக்கும் என்பதால், அங்கே ஒரு மெல்லிய திரை வேண்டியிருக்கும்.

உரத்திலும் தாராளம் கூடாது. தழைச்சத்து கூடினால் இலைதான் செழிக்கும், பூ குறையும். செம்மண், மட்கிய மண்புழு உரம், கழுவிய தென்னை நார்க்கழிவு கலந்த இளகிய மண்ணும், மாதத்துக்கு ஒருமுறை கொஞ்சம் மண்புழு உரமும் போதும். உப்பு இதற்குச் சேராது. ஆழ்துளைக் கிணற்று நீர் ஊற்றி மண்ணில் வெள்ளைப் பூச்சு படிந்தால், மழைநீரையோ சேமித்த குடிநீரையோ கொண்டு ஒருமுறை நன்றாக அலசிவிடுவது நல்லது. இலைக்காம்பிலும் விளிம்பிலும் சர்க்கரை மணிபோலத் தெரியும் துளிகளைப் பூச்சி முட்டை என்று நினைத்து மருந்தடிப்பவர்கள் உண்டு. அது செடியே சுரக்கும் இனிப்பு நீர். ஒன்றும் செய்ய வேண்டாம். வாடிய பூவைக் கிள்ள வேண்டிய வேலையும் இல்லை, தானே உதிர்ந்துவிடும்.

ஐப்பசி, கார்த்திகை அடைமழைக் காலமாயிற்றே, அப்போது வளர்க்கத் தொடங்கினால் அழுகாதா என்ற எதிர்ப்பு வலுவானது. அதில் உண்மையும் உண்டு. இலைகள் நெடுநேரம் நனைந்திருந்தால் பூஞ்சணம் போன்ற அடிச்சாம்பல் நோய் வரும். இலையின் அடியில் வெள்ளைப் பொடி படியும், பிறகு இலைகள் கொட்டித் தண்டு மட்டும் நிற்கும். 2011, 2012ஆம் ஆண்டுகளில் அமெரிக்கத் தோட்டங்களில் இம்பேஷன்ஸ் வாலேரியானா கூட்டம் கூட்டமாக அழிந்தது இந்த நோயால்தான். ஆனால் இந்த வாதம் திறந்தவெளித் தோட்டத்துக்குப் பொருந்தும் அளவுக்கு வீட்டுத் தொட்டிக்குப் பொருந்தாது. கூரையின் கீழ் இருக்கும் தொட்டிக்கு மழைக்காலத்தின் குளிர்ச்சியும் காற்றின் ஈரமும் கிடைக்கின்றன, இலை நனைவதில்லை. வீட்டுக்குள் வளர்ப்பதன் உண்மையான லாபமே இதுதான். தொட்டிகளுக்கு இடையே காற்றோட்டம் விட்டு, காலையில் வேரடியில் மட்டும் தண்ணீர் ஊற்றினால் போதும். நியூகினி இம்பேஷன்ஸ் என்ற பெரிய இலை வகை இந்த நோயைப் பெரிதும் தாங்கும். 1970இல் அமெரிக்க வேளாண் துறையும் லாங்வுட் தோட்டமும் சேர்ந்து நியூகினித் தீவுக்கு அனுப்பிய தாவரத் தேடல் குழு கொண்டுவந்த செடிகளின் வழிவந்தது அது. ஒளி சற்றுக் கூடுதலாகக் கிடைக்கும் பால்கனிக்கு அதுவே என் தேர்வு.

குளிர்சாதன அறையில் கோடையைக் கடத்திவிடலாமே என்பார் சிலர். அந்த அறையின் காற்று வறண்டது, திரை போட்டிருப்பதால் ஒளியும் குறைவு. வறண்ட காற்றில் சிலந்திப்பேன் பெருகும். நாள் முழுக்க இயந்திரம் ஓடாவிட்டால் வெப்பமும் குளிரும் மாறி மாறித் தாக்கும். இத்தனை மின்சாரம் செலவழித்து ஒரு செடியை நோயாளியாக வைத்திருப்பதில் எனக்கு உடன்பாடில்லை. அப்படியானால் ஐந்தாறு மாதத்தில் போகிற செடிக்கு எதற்குக் காசு என்பது அடுத்த கேள்வி. பொங்கலுக்கு வாங்கும் சாமந்திச் சரம் மறுநாளே வாடிவிடும் என்று தெரிந்துதானே வாங்குகிறோம். அதோடு, இந்தச் செடியை ஒருமுறை வாங்கினால் போதும், பெருக்கிக்கொள்ளலாம். பூ இல்லாத நுனிக் கிளையை விரல் நீளத்துக்குக் கணுவின் அடியில் நறுக்கி, கீழ் இலைகளைக் கிள்ளிவிட்டு, ஒரு தம்ளர் தண்ணீரில் போட்டு இரண்டு நாளுக்கு ஒருமுறை தண்ணீர் மாற்றினால் இரண்டு, மூன்று வாரத்தில் வேர் விடும். மாசியில் இப்படி நாலைந்து துண்டுகளை எடுத்து, வீட்டின் மிகக் குளிர்ந்த, ஆனால் வெளிச்சமுள்ள இடத்தில், மொட்டுகளைக் கிள்ளிவிட்டுச் சிறு தொட்டிகளில் வைத்திருக்கலாம். ஒன்றிரண்டு தப்பினாலும் புரட்டாசியில் அதிலிருந்து பத்துச் செடி எடுக்கலாம். ஒன்றும் தப்பாவிட்டாலும் அதில் அவமானம் எதுவும் இல்லை.

நாட்டுக் காசித்தும்பை இருக்கும்போது அயல்செடி ஏன் என்ற கேள்வியை நான் மதிக்கிறேன். மொட்டை மாடியோ வெயில் விழும் முற்றமோ உள்ளவர்கள் காசித்தும்பையைத்தான் வளர்க்க வேண்டும். விதை போட்டால் இரண்டு மாதத்துக்குள் பூக்கும், வெயிலையும் ஓரளவு தாங்கும். ஆனால் நேர்வெயிலே எட்டாத ஜன்னலில் அது பூக்காது; அந்த இடத்துக்கு இம்பேஷன்ஸ்தான் பொருந்தும். மலைக்குப் போனபோது பார்த்த காட்டுக் காசித்தும்பையைப் பிடுங்கி வருவது மட்டும் கூடவே கூடாது. சொட்டும் பாறையையும் மூடுபனியையும் சேர்த்து யாராலும் பெயர்த்து வர முடியாது. அந்தச் செடி வழியிலேயே சாகும், மலை ஓர் அரிய உயிரை இழக்கும்.

உதகை, கொடைக்கானல், ஏற்காடு வாசிகளுக்கு நான் சொன்ன மாதக் கணக்கு பொருந்தாது. அங்கே உறைபனி விழும் இரவுகளில் உள்ளே எடுத்து வைத்தால் ஆண்டு முழுவதும் பூக்கும். அவர்களுக்கு வேறொரு பொறுப்பு இருக்கிறது. 1839இல் அழகுக்காக இங்கிலாந்துக்குக் கொண்டுபோன இமயமலை இம்பேஷன்ஸ், காய் வெடித்து ஏழு மீட்டர் தூரம் வரை விதையைத் தெறிக்கவிட்டு, அந்நாட்டு ஆற்றங்கரைகளை ஆக்கிரமித்து இன்றுவரை தீராத தொல்லையாக நிற்கிறது. நம் மலைகளிலும் அப்படி நேராமலிருக்க, தொட்டியிலிருந்து கழித்த செடிகளையும் கிளைகளையும் ஓடையோரத்தில் வீசாமல் காயவைத்து மட்கச் செய்ய வேண்டும்.

இதையெல்லாம் வாங்குபவர் மட்டுமே தெரிந்துகொள்ள வேண்டும் என்பதில்லை. விற்கும் நர்சரிகள் ஒவ்வொரு தொட்டியிலும் ஒரு சிறு சீட்டு செருகலாம்: சமவெளிக்கு ஐப்பசி முதல் மாசி வரை, கிழக்கு ஜன்னல், மண்ணைத் தொட்டுப் பார்த்துத் தண்ணீர். தோட்டக்கலைத் துறை தன் விற்பனை நிலையங்களில் இதை முதலில் தொடங்கலாம். அச்சிட ஆகும் செலவு சில காசுகள்தான்.